அப்பாவோட மூளை ஸ்கேன ஆராய்ச்சிக்கு கேக்குறாங்க, கையெழுத்து போடலாமா?

சாட்ஸ்வர்த் பொண்ணு:
வணக்கம், டர்பன்ல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு மார்ச்ல ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துடுச்சு, இப்ப கொஞ்சம் பரவால்ல, ஆனா ரொட்டிய பிச்சு கறில தொட்டு வாய்க்கு கொண்டுபோறதுக்குள்ள பாதி மடியில விழும், நாங்க பாக்காத மாதிரி இருந்துக்குவோம். போன வாரம் செக்கப்ல அவரோட எம்ஆர்ஐய வெளிநாட்டு ஆராய்ச்சிக்கும் குடுக்கலாமான்னு நாலு பக்க ஃபார்ம் குடுத்தாங்க. "பேர எடுத்துருவோம்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அண்ணன் வேணவே வேணாங்குறான். அப்பா என்னடான்னா "பாதி வேல செய்யாத மூளைய வச்சு என்ன பண்ணுவானுங்க"ன்னு சிரிக்கிறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

ஸ்கேன்ரூம்காரன்:
தங்கச்சி, எனக்கு பொழப்பே அந்த மெஷின் பக்கத்துலதான். ஸ்ட்ரோக் ஒருத்தருக்கு அடிச்ச எடத்துல இன்னொருத்தருக்கு அடிக்காது, அதனால ஒரு ஆஸ்பத்திரி கேஸ மட்டும் வச்சு எந்த எடம் போனா கை திரும்பும் எது திரும்பாதுன்னு சொல்லவே முடியாது, நூத்துக்கணக்குல வேணும். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல அட்லஸ்னு ஒரு தொகுப்பு வச்சிருக்காங்க, 2018ல 304 ஸ்கேன், 2022ல வெளிய விட்டது 955 ஆச்சு. செத்துப்போன பகுதிய ஸ்லைஸ் ஸ்லைஸா மனுஷன் உக்காந்து கையால வரைஞ்சிருக்கான், கண்ணு போயிரும்! அத பாத்து கம்ப்யூட்டர் தானா வரைய கத்துக்கணும்ங்கிறதுதான் ஐடியா. 655க்குத்தான் வரைஞ்சத வெளிய விட்டாங்க, 300க்கு ஸ்கேன் மட்டும், கம்ப்யூட்டர் சரியா வரையுதான்னு சோதிக்க அந்த விடைய பூட்டி வச்சிருக்கு. பரீட்சை பேப்பர் லீக் ஆகாம பாத்துக்குற மாதிரி.

பீனிக்ஸ் மாமா:
பேர எடுத்தா போதுமாப்பா? தலைய ஸ்கேன் பண்ணா மூக்கு, காது, முகம் எல்லாம் அதுலயே இருக்கு. 2019ல அமெரிக்கால 84 பேரோட எம்ஆர்ஐல இருந்து முகத்த உருவாக்கி போட்டோவோட ஒத்துப்பாத்தாங்க, 70 பேர சாஃப்ட்வேர் சரியா புடிச்சிருச்சு. உங்க அண்ணன் பயப்படுறது ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்ல. நம்ம தென்னாப்பிரிக்காவுல தனிப்பட்ட விவரங்கள பாதுகாக்குற பொப்பியா சட்டத்துல உடம்பு பத்தின விவரம் தனி வகை, கேக்க உனக்கு உரிமை இருக்கும்மா, வாய மூடிட்டு வராத.

ஸ்கேன்ரூம்காரன்:
மாமா சொல்றது சரி, அதுக்குத்தான் முகப்பகுதிய வெட்டிட்டு அனுப்புவாங்க, டிஃபேஸிங்னு பேரு. அத செய்வாங்களான்னு கேளு. கை பலத்துக்கு குடுத்த மார்க்கும் கூட போகுதான்னும் கேளு, அது இல்லாத ஸ்கேன் பாதி கதைதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, ஒருத்தன் டவுன்லோட் பண்ணிட்டான்னா அப்புறம் வேணாம்னாலும் திரும்ப வாங்க முடியாது.

இட்லி அக்கா:
நான் போடச்சொல்லுவேன். அந்த தொகுப்புல எல்லாம் பணக்கார நாட்டு மூளைதான் ஜாஸ்தி. நம்ம பக்கம் சுகர் பிரஷர் இல்லாத வீடு எது சொல்லு, ஆனா கவர்மென்ட் ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்பிடுவாங்க, எம்ஆர்ஐக்கு கியூ. அப்ப நம்ம ஆளுங்க கணக்குலயே வரமாட்டாங்கல்ல. எங்க மாமியாருக்கு எடுக்கவே இல்ல, கேக்கவும் தெரியல எங்களுக்கு.

சாட்ஸ்வர்த் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு போய் கேட்டேன், முகம் வெட்டுறாங்களாம், கை மார்க்கும் போகுதாம், எழுதியே குடுத்தாங்க. அண்ணன் இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிட்டுத்தான் இருக்கான். அப்பா கைநாட்டு வேணாம்னுட்டு இடது கையால கையெழுத்து போட்டாரு, எறும்பு ஊர்ந்த மாதிரி, அஞ்சு நிமிஷம் ஆச்சு, நர்ஸ் பேனாவ புடிச்சு விட வந்தத தள்ளிட்டாரு.