மதியமானா ஏறிப்போன சல்ஃபர் – என் லேப் அனுபவம்

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) இலைல என்ன சத்து இருக்குன்னு டெஸ்ட் பண்ற ஒரு சின்ன லேப்ல இருக்கேன், அப்பா இதே பக்கத்துல குலை வெட்டினவரு, அதனால மட்டைய எண்ணி 17வது மட்டைலதான் இலை எடுக்கணும்ங்கறது சின்ன வயசுலயே தெரியும். இலைய காயவச்சு அரைச்சு நைட்ரிக் ஆசிட்ல கரைச்சு ஐசிபிங்கற தனிமம் அளக்கற மெஷின்ல விடுவோம், ஆர்கான் பிளாஸ்மா 6000 டிகிரிக்கு மேல கொதிக்கும், ஒவ்வொரு தனிமமும் அதோட ஒளிய விடும், அந்த ஒளியோட அலைநீளத்த (அதத்தான் கோடுன்னு சொல்லுவோம்) வச்சு எது எவ்வளவுன்னு பாப்போம். மெக்னீசியம் கால்சியமெல்லாம் சொன்னபடி கேக்கும். சல்ஃபர்தான் படுத்திருச்சு.

காலைல ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச கரைசல்) ஓட்டிட்டு சாம்பிள் வச்சா 0.19 சதவீதம், அதே கரைசல மதியம் வச்சா 0.24. ஆசிட் சரியில்லையோன்னு மூணு தடவ திரும்பக் கரைச்சேன், ஒரு வாரம் போச்சு. அப்புறம்தான் கவனிச்சேன், அதே ஓட்டத்துல பாஸ்பரஸ் மட்டும் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அசையவே இல்ல. பாஸ்பரஸ நாங்க 213.6 நானோமீட்டர்ல பாக்குறோம், சல்ஃபர 180.7ல. 190க்குக் கீழ போனா காத்துல இருக்கற ஆக்சிஜனே அந்த ஒளிய முழுங்கிரும், அப்போ சாம்பிள்ல தப்பில்ல, ஒளி போற பாதையிலதான் காத்து இருக்குன்னு புரிஞ்சுச்சு. பார்த்தா ராத்திரி செலவ மிச்சம் பண்ண பர்ஜ் கேஸ (ஒளிப் பாதைல இருக்கற காத்த வெளிய தள்ளற கேஸ்) மூடிட்டுப் போயிட்டு இருந்தாங்க. காலைல திறந்தப்புறம் பாதை சுத்தமாக சுத்தமாக சிக்னல் ஏறுது, காலைல ஓட்டின ஸ்டாண்டர்ட வச்சு மதியம் கணக்குப் போட்டா எல்லாம் கூடுதலா வருது. ராத்திரியும் கேஸ கம்மியா விட்டு வச்சோம், நின்னுருச்சு.

இது சின்ன விஷயம் இல்லங்க. அமோனியம் சல்ஃபேட் உரத்துல 24 சதவீதம் சல்ஃபர், யூரியால சுத்தமா கிடையாது. சல்ஃபர் போதும்னு நாம தப்பா எழுதிக் குடுத்தா தோட்டத்துல யூரியாவுக்கு மாறிருவாங்க, பசிச்சு நிக்கறது மரம்.

இதப் படிச்சிட்டு ஒரு தங்கச்சி எழுதினது: அண்ணே, எனக்கு இதே மாதிரி போரான்ல நடந்துச்சு. குருத்து இலை நுனி கொக்கி மாதிரி மடங்கி நிக்குது, போரான் கொறைச்சல்னு மரமே சொல்லுது, ரிசல்ட் மட்டும் நல்லாருக்குன்னு வருது. பிளாங்க் (இலையே போடாத வெறும் கரைசல்) ஓட்டிப் பார்த்தா அதுலயும் போரான்! நாங்க புழங்கின கண்ணாடியே போரோசிலிக்கேட், அதுல இருந்துதான் இறங்கியிருக்கு. எல்லாத்தையும் பிளாஸ்டிக்குக்கு மாத்தினேன், போரானோட 249.772 நானோமீட்டர் கோட்டுக்குப் பக்கத்துலயே இரும்பு கோடு ஒட்டிக்கிட்டு இருக்கறதால 249.677லயும் சேர்த்துப் பாக்குறேன், போரான் மெஷினுக்குள்ள ஒட்டிக்கும்ங்கறதால நல்லா நேரம் குடுத்துக் கழுவுறேன். குளோரினும் இதுலயே பாக்க முடியுமாண்ணே? செம்பனைக்கு அது ரொம்ப வேணுமே.

என் பதில்: தங்கச்சி, குளோரினோட நல்ல கோடு 134.7ல இருக்கு, நம்ம மெஷின் அவ்வளவு கீழ போகாது. குளோரினுக்கு நைட்ரிக்ல கரைக்கவே கரைக்காதம்மா, ஆவியாப் போயிரும். நாங்க இலைப் பொடிய தண்ணில ஊறவச்சு வடிகட்டி சில்வர் நைட்ரேட்ல டைட்ரேட் பண்றோம் (சொட்டுச் சொட்டா விட்டு அளக்கறது), இது வரைக்கும் கைவிடல.