மழையில் செத்த பசுவைப் புதைத்துவிட்டோம், இனி நிவாரணம் கேட்க முடியுமா?

மணலி மைந்தன்:
எங்கள் சித்தி மணலி புதுநகர் பக்கம் மூன்று கறவை மாடும் ஏழெட்டு ஆடும் வைத்துப் பிழைக்கிறார். போன வாரம் ராத்திரி கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கொட்டகைக்குள் வந்துவிட்டது. இரண்டு மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டார். மூலையில் கட்டியிருந்த சினைப் பசுவிடம் போவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு ஏறி, கயிறு ஊறி முடிச்சு இறுகி, இருட்டில் அவிழ்க்கவே முடியவில்லை. இரண்டு ஆடும் போயிற்று. மறுநாளே ஜேசிபி வைத்துப் புதைத்தோம். போட்டோ எடுக்கலாம் என்றேன், "செத்த பிள்ளையை யாராவது போட்டோ எடுப்பாங்களாடா" என்று அழுதார், விட்டுவிட்டேன். இப்போது பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் மனுவையே வாங்க முடியாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:
முதலில் தொகை. கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கன்றுக்கு 20,000, கோழிக்கு 100. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகுதான் பசுவுக்கு 30,000 ஆக இருந்ததை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 ஆக இருந்ததை 4,000 ஆகவும் தமிழக அரசு உயர்த்தியது. பேரிடர் நிதி விதிப்படி ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று கறவை மாடு, ஆடு என்றால் முப்பது. உங்கள் சித்திக்கு அந்த வரம்பு தடையில்லை.

வரதராஜபுரத்தான்:
தம்பி, மனம் விட்டுவிடாதீர்கள். மிக்ஜாமில் எங்களுக்கும் இதே கதைதான், அடையாற்றுத் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆயிற்று, டாக்டர் வரும்வரை எப்படி வைத்திருப்பது? புதைத்துவிட்டோம். அப்புறம் விஏஓ நேரில் வந்து புதைத்த இடத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்தார் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி மகஜர், அதாவது நேரில் பார்த்ததற்கான பதிவு, எழுதினார், அதை வைத்துத்தான் கால்நடை டாக்டர் சான்று கொடுத்தார். வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள், வாங்காவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒருவர் முடியாது என்றதோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் எங்கள் தெருவில் பணத்தை விட்டார்கள்.

மடிப்பால்:
அந்தப் பசுவுக்குக் காதில் மஞ்சள் வில்லை போட்டிருந்தார்களா? அதிலிருக்கும் 12 இலக்க எண் கிடைத்தால் மாடு உங்களுடையது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. வில்லை மண்ணுக்குள் போனாலும் சினை ஊசி சீட்டிலோ கோமாரித் தடுப்பூசி அட்டையிலோ எண்ணை எழுதியிருப்பார்கள், தேடுங்கள். சித்தி சங்கத்துக்குப் பால் ஊற்றினால் பால் அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு மாட்டையும் கவனியுங்கள், சேற்றில் நின்ற மாட்டுக்கு மடிவீக்கம் சீக்கிரம் வரும். காம்பு சூடாக இருந்தால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடியுங்கள், வண்டி வீட்டுக்கே வரும். எனக்கு ஆதங்கம் என்னவென்றால், செத்த மாட்டுக்குத்தான் கணக்கு, பயத்தில் பால் வற்றி நிற்கிற மாட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. தீவன விலைக்கு அதுதான் வீட்டை முறிக்கிறது.

மணலி மைந்தன்:
எல்லாருக்கும் நன்றி. சீட்டு கிடைத்துவிட்டது! பரணில் அரிசி டப்பாவுக்குள் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார், பாதி நனைந்திருந்தாலும் எண் தெளிவாக இருக்கிறது. ஊசி போட்ட தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார், ஒன்பதாவது மாதம். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் உட்பட மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள், திங்கள்கிழமை காலை சித்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.