லிஸ்பனில் முதல் நாள்: எங்கே நடப்பது, என்ன சாப்பிடுவது?

களுவாஞ்சிக்குடியான்:

வணக்கம். நானும் மனைவியும் ஜூன் முதல் வாரம் ஜெனீவாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து மூன்று நாள் லிஸ்பனுக்குப் போய்வர டிக்கெட் போட்டாயிற்று. கல்யாணம் முடித்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை, இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். காலை ஒன்பது மணிக்கு இறங்குகிறோம். அந்த முதல் நாளை எப்படிக் கழிப்பது என்றுதான் யோசனை. தேடினால் முப்பது இடங்களின் பட்டியல் வருகிறது. ஓடி ஓடிப் படம் எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆறுதலாக நடக்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். மாடும் பன்றியும் சாப்பிட மாட்டோம். மீன் என்றால் உயிர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி வாத்தியார்:

தம்பி, நானும் மனிசியும் 2019 ஜூனில் போனோம். எங்கள் முதல் நாளை அப்படியே சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. சிவப்புப் பாதையில் ஏறி அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் நகரத்தின் நடுவுக்கு வந்துவிடலாம். பைகளை அறையில் வைத்துவிட்டு பிகேரா சதுக்கத்தில் 737ஆம் இலக்க பஸ்ஸைப் பிடியுங்கள், கோட்டை வரை மேலே கொண்டுபோய் விடும். எல்லோரும் 28ஆம் இலக்க டிராமைத்தான் சொல்வார்கள். அழகான வண்டிதான், ஆனால் சனம் நெருக்கும், பொக்கற் அடிக்கிறவர்களும் அதில் ஏறுவார்கள். முதல் நாள் வேண்டாம். பஸ்ஸில் மேலே போய், அல்ஃபாமா ஒழுங்கைகள் வழியாக இறக்கத்தில் நடந்து வாருங்கள். தெருவெல்லாம் சுண்ணாம்புக் கல்லைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். தேய்ந்து பளபளக்கும், தூறல் பட்டால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள சப்பாத்துத்தான் சரி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் சாப்பிட்டுவிடுங்கள். வாசலில் ‘பிராத்து து தியா’ என்று எழுதியிருந்தால் அது அன்றைய சாப்பாடு. நாங்கள் ஒழுங்கைக்குள் ஆறேழு மேசை போட்டிருந்த சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு கூடையில் பாண், பட்டர், ஒலிவ் காய் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துச் சாப்பிட்டோம், பில்லில் ஒவ்வொன்றுக்கும் காசு இருந்தது. அது அந்த நாட்டு வழக்கம், ஏமாற்று இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அந்தக் கூடைக்கு நான் காசு கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பரிமாறிய பெரியவர் கூடையைக் காட்டி ‘பாவ்ங்’ என்றார். நான் ‘பாண்’ என்றேன். அவர் ஒரு கணம் நின்று, மேசையைத் தட்டி ‘மெசா’ என்றார். ‘மேசை’ என்றேன். காலைத் தூக்கித் தன் சப்பாத்தைக் காட்டினார். ‘சபாத்து!’ மனிசி கையைத் தட்டிவிட்டாள். ஜன்னலுக்கு ஜனெலா, சாவிக்கு ஷாவ், கோப்பைக்கு கோப்பு. இதெல்லாம் போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப் போன சொற்கள். மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் கட்டத் தொடங்கியது 1628இல், பத்து வருஷத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். சொற்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் தளபாடம் செய்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கி ஐயாவின் வீட்டில் கேட்ட பேச்சு, அந்த ஒழுங்கையில் திரும்பக் காதில் விழுந்தது. முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவன் நான். எழுந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டது பக்கல்யாவ். உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீன், கடைகளில் பலகை அடுக்கின மாதிரி இருக்கும். நோர்வே பக்கத்துக் குளிர்க் கடலிலிருந்து வருகிறது. ஒரு நாளுக்கு மேல் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவார்கள். ‘பிராஸ்’ என்கிற வகையைக் கேளுங்கள்: உதிர்த்த மீனை வெங்காயம், ஊசி மாதிரி அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு, முட்டையோடு சேர்த்துக் கிளறியது. மனிசி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நாலு கொச்சிக்காய் போட்டால் நம்மட கருவாட்டுப் பொரியல்” என்றாள். ஜூனில் தணலில் சுட்ட சாளையும் கிடைக்கும், அந்த மணம் தெரு முழுக்க நிற்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும் வழியில் சாந்தா லூசியா தேவாலயம் இருக்கிறது. வெளிச்சுவரில் நீல ஓட்டுச் சித்திரம் ஒன்று, ஆற்றங்கரைச் சதுக்கம் 1755க்கு முன் அரண்மனையோடு இருந்த கோலம். அதை நன்றாகப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட பிறகு அதே சதுக்கத்துக்கு நடந்து போங்கள். அரண்மனை இல்லை. அந்த வருஷம் நவம்பர் 1, காலைப் பூசை நேரத்தில் பூமி அதிர்ந்தது. இடிந்து விழும் கட்டடங்களுக்குப் பயந்து சனம் வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியது. தண்ணீர் உள்ளே வாங்கி, பிறகு ஏறி வந்தது. மிச்சத்தை நெருப்புத் தின்றது.

மனிசி பிறந்தது மட்டக்களப்புக் கடலோரத்து டச்பார். 2004இல் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டில் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் இருந்தோம். அவள் ஒரே ஒரு தடவை, “இவங்களும் கரைக்குத்தான் ஓடியிருக்காங்க” என்றாள். அன்று வேறு எங்கும் போகவில்லை.

சம்மாந்துறை பர்வீன்:

தம்பி, பன்றி விஷயத்தில் கவனம். ‘கல்து வெர்த்’ என்கிற கீரை சூப்பில் பன்றிச் சொசேஜ் துண்டு ஒன்று போடுவார்கள், வைக்கவேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். ‘பிஃபானா’ முழுக்கப் பன்றி. மார்த்தீம் மொனீஸ் மெட்ரோவுக்குப் பக்கத்தில் வங்காளதேசத்து ஆட்களின் ஹலால் கடைகள் நிறைய, நானும் அவரும் இரவில் அங்கேதான் சோறு சாப்பிட்டோம்.

நாத்தா என்கிற முட்டைப்பால் இனிப்பை விட்டுவிடாதீர்கள். மேலே கறுத்துக் கருகின புள்ளிகளோடு சூடாகத் தருவார்கள், பக்கத்திலேயே கறுவாத்தூள் டப்பா இருக்கும். மாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு, ‘பான்யா’ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வட்டிலப்பம் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

சேர், உங்கள் கடைசிப் பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

களுவாஞ்சிக்குடியான்:

சேர், பர்வீன் அக்கா, மிக்க நன்றி. மனைவியும் பக்கத்திலிருந்து வாசித்தாள். முதல் நாள் அல்ஃபாமாவும் ஆற்றங்கரையும் மட்டும்தான் என்று முடிவு. வாஸ்கோ ட காமாவின் கல்லறையையும் பார்க்க ஆசை. நாங்கள் இறங்குவது திங்கட்கிழமை.

கல்லடி வாத்தியார்:

அது பெலேம் மடாலயத்தில். திங்களில் பூட்டு, செவ்வாய்க்கு வையுங்கள். 15ஆம் இலக்க டிராம் போகும். 1837இலிருந்து நாத்தா சுடுகிற கடையும் அங்கேதான்.

இன்னொன்று. அறையில் துவாய் தேவைப்பட்டால் துவாய் என்றே கேட்டுப் பாருங்கள். அவர்கள் ‘துவால்யா’ என்பார்கள்.