சேவ் செய்தது எல்லாம் சேவிலேயே கிடக்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: தேனருவி

வணக்கம். இணையத்தில் தினமும் ஏதாவது உருப்படியான விஷயம் கண்ணில் படுகிறது. கழுத்து இறுக்கத்துக்குப் பயிற்சி, போனில் இருக்கும் படங்களுக்கு பேக்கப், கெட்டிலில் படிகிற வெள்ளைப் படிவத்தை நீக்கும் முறை என்று. படிக்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. சேவ் செய்கிறேன், அதோடு சரி. தேவைப்படும்போது எங்கே படித்தோம் என்பதே நினைவில் இருப்பதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவைதான். படித்ததில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? எடுத்துக்கொண்டதை அன்றாடத்தில் எப்படி நுழைப்பது? பலன் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது? 'மன உறுதி வேண்டும்' என்ற வகைப் பதில்கள் நிறையப் படித்துவிட்டேன். செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஆலமரத்தடி

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வகை. ஒரே பட்டியலில் போட்டு வைப்பதால்தான் எதுவும் நகரவில்லை. பேக்கப் ஒருமுறை அமைத்துவிட்டால் தானாக ஓடும். கெட்டில் சுத்தம் தேவை வரும்போது மட்டும் வேண்டியது. கழுத்துப் பயிற்சி தினசரி வேலை. எதைப் படித்தாலும் அது இந்த மூன்றில் எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்.

ஒருமுறை வேலையை சேவ் செய்யவே கூடாது. பக்கம் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள், முடியாவிட்டால் காலண்டரில் நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். பேக்கப்பையே எடுத்துக்கொள்வோம். பொதுவாகச் சொல்லப்படும் 3-2-1 முறையில் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சேமிப்பகங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். நடைமுறையில் போனில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. பலர் கிளவுட் சிங்க்கை ஆன் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சிங்க் என்பது பேக்கப் ஆகாது. பெரும்பாலான அமைப்புகளில் போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது அழிந்துவிடும். அதனால் டிஸ்க் பிரதி கட்டாயம் வேண்டும். காப்பி முடிந்ததும் டிஸ்கை வேறொரு கணினியில் சொருகி, பழைய படம் இரண்டு, புதிய படம் இரண்டு, ஒரு வீடியோ திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

தேவை வரும்போது வேண்டிய குறிப்பு, பொருள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கெட்டில் குறிப்பைச் சிறு தாளில் எழுதி, கெட்டில் வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில் இருக்கும் லிங்க்கை அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க மாட்டோம்.

எந்த வகையானாலும், படித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிட்டு மூன்றே வரியில் உங்கள் சொற்களில் எழுதுங்கள்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும். காப்பி-பேஸ்ட் வேண்டாம். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். எழுதும்போது எங்கே தடுக்கிறதோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம். அதற்காக மட்டும் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் போதும்.

தினசரி வேலைக்குப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

பதில்: செங்காந்தள்

அலாரம் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நீங்கள் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது அது அடிக்கும். 'இதை முடித்துவிட்டு' என்று அணைப்பீர்கள். நாலு நாளில் பார்க்காமலே அணைக்கக் கை பழகிவிடும்.

அலாரத்துக்குப் பதில், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலின் முடிவோடு புதிய செயலைக் கட்டுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதிய 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். 2006-இல் அவரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பதைவிட இப்படி இடமும் தருணமும் குறித்து வைப்பது கணிசமாகக் கைகொடுப்பது தெரிந்தது.

உங்கள் கழுத்துப் பயிற்சிக்கு வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'இரவு பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும், அங்கேயே நின்று மோவாயைப் பின்னுக்கு இழுப்பேன், ஐந்து நொடி பிடித்து விடுவேன், பத்து முறை.' இதில் 'பிரஷ்ஷை வைத்ததும்' என்பதுதான் உயிர்நாடி. 'இரவில்' என்று எழுதினால் இரவு முழுவதும் தள்ளிப்போட இடம் கிடைத்துவிடும். விடுமுறை நாளில் நடக்காத செயலோடும் கட்டாதீர்கள். அலுவலகம் முடிந்ததும் என்று வைத்தால் வாரக் கடைசியில் அறுந்துவிடும்.

பயிற்சியிலேயே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. மோவாயை நெஞ்சை நோக்கிக் குனிக்கிறார்கள். குனியவும் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது. பார்வை நேராக ஒரே மட்டத்தில் இருக்க, தலை முழுவதும் பின்னால் நகர வேண்டும். பின்கழுத்து லேசாக நீளுவது தெரியும். கையில் மரத்துப்போதலோ, தோளிலிருந்து கைக்கு இறங்கும் வலியோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். அதை நம்பித் தொடங்கினால் இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோவீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், செயல் தானாக வரும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் உண்டு. ஒருநாள் விட்டுப்போனதும் 'எல்லாம் போச்சு' என்று கைவிடுவதற்குக் காரணமே இல்லை.

பதில்: நுண்ணோக்கி

முதல் கேள்வியை இருவரும் தொடவில்லை. எதை விடுவது என்பதுதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு குறிப்பு *ஏன்* வேலை செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். கெட்டிலுக்கு வினிகரையும் பேக்கிங் சோடாவையும் சேர்த்துக் கொட்டச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடப்பதுபோலத் தெரியும். கெட்டிலில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதைக் கரைப்பது வினிகரில் உள்ள அமிலம். சோடா அந்த அமிலத்தைத்தான் தீர்க்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் சோடா, 5 சதவீத வினிகரில் ஏறக்குறைய 70 மில்லியை வீணாக்கிவிடும். மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த நீர். பொங்கிய நுரை, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு.

சரியான முறை: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கெட்டிலில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பொங்கி வழியும். அணைத்து அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினால் வாடை போய்விடும். கெட்டிலின் உட்புறம் அலுமினியமாக இருந்தால் இது வேண்டாம், அமிலம் அதை அரிக்கும்.

வீட்டுச் சுத்தம் பற்றிய குறிப்புகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா கலந்தால் குளோரமைன் வரும். இரண்டும் நச்சு. 'இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன்' என்று யார் எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது, அந்தக் குறிப்பு எப்போதையது என்ற தேதி. கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றுகிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள், ஊகிப்பது எளிதாகிவிடுகிறது. பத்துத் தளங்களில் ஒரே எண், ஒரே சொற்கள் இருந்தால் அது பத்துச் சான்று ஆகாது, ஒன்றிலிருந்து மற்றவை எடுத்தது. புதிய டேபில் அந்தக் கூற்றை மட்டும் தேடி, முதலில் சொன்னவர் யார் என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லையா, விட்டுவிடலாம்.

தேனருவி

மூவருக்கும் மிக்க நன்றி. வகை பிரித்தாலே பாதி தெளிவாகிறது. கழுத்துப் பயிற்சியோடு நாற்காலி உயரம், திரையின் உயரம், தலையணை எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிப் படித்திருக்கிறேன். இந்த வாரமே எல்லாவற்றையும் தொடங்கலாமா?

பதில்: நுண்ணோக்கி

வேண்டாம். நான்கையும் ஒன்றாக மாற்றி வலி குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. கூடினாலும் அப்படித்தான்.

மாற்றத்துக்கு முன் ஒரு வாரம் எதுவும் செய்யாமல், தினமும் ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதுங்கள். இந்த ஒரு வாரத்தைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் தீர்வு தேடுவோம். உச்சத்தில் இருப்பது எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கும். முன்கணக்கு இல்லையென்றால், அந்த இறக்கத்தைப் பயிற்சியின் பலன் என்று எடுத்துக்கொள்வீர்கள்.

பிறகு திரையை மட்டும் மாற்றுங்கள், மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே வரும்படி. இரண்டு வாரம் அதே நேரத்தில் எண் எழுதி, முதல் வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரு புள்ளி ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு செங்காந்தள் சொன்ன பயிற்சி. தலையணையைக் கடைசியில் வையுங்கள், அதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

பதில்: செங்காந்தள்

திரைக்கு ஒரு சேர்க்கை. மடிக்கணினி என்றால் அதன் அடியில் புத்தகம் அடுக்கினால் மட்டும் போதாது. விசைப்பலகையும் சேர்ந்து உயர்ந்து தோள் தூக்கிக்கொள்ளும். தனி விசைப்பலகையும் மவுஸும் இருந்தால்தான் திரையை உயர்த்துங்கள்.