பிள்ளைகளின் பால்நிலை வளர்ச்சி பற்றிப் பெற்றோருக்கு விளக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன்.

சென்ற வாரம் 4 வயதுப் பையன் ஒருவன் சிவப்புச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, "நான் இப்ப அம்மா" என்று சொல்லிப் பொம்மைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிச்செல்ல வந்த தகப்பனார் அதைக் கண்டு, எல்லோர் முன்னிலையிலும் அதட்டிச் சால்வையைப் பறித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை அந்த விளையாட்டு மூலைக்கே போவதில்லை. அது என்னை மிகவும் வருத்துகிறது.

ஏறத்தாழ 3 வயதில் பிள்ளைகள் தம்மை ஆண் அல்லது பெண் என்று சொல்லப் பழகினாலும், உடையோ முடியோ மாறுவதால் ஒருவரின் பால் மாறிவிடாது என்பதைப் பெரும்பாலும் 6, 7 வயதளவிலேயே உறுதியாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லோரன்ஸ் கோல்பேர்க் 1966இல் எடுத்துரைத்தார். ஆகவே இத்தகைய பாவனை விளையாட்டு இவ்வயதுக்கு இயல்பானது. அதை மட்டும் வைத்துப் பிள்ளையின் வருங்காலத்தை யாரும் கணிக்க முடியாது. பருவமடையும் வயதில் தம் பால்நிலை குறித்து வேறுவிதமாக உணரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டாரின் அரவணைப்பே முதலில் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச விரும்புகிறேன். எளிய தமிழில் அமைந்த கையேடோ துண்டுப்பிரசுரமோ உங்களிடம் இருந்தால் பகிருங்கள். கொழும்பில் தமிழில் உரையாடக்கூடிய சிறுவர் உளவியல் மருத்துவர் எவரையேனும் அறிந்திருந்தாலும், அந்தத் தகப்பனாரின் மனம் நோகாமல் பேச்சைத் தொடங்கும் வழி தெரிந்தாலும், தயவுசெய்து கீழே எழுதுங்கள்.