குடும்ப சிகிச்சையை (குடும்பத்தையே ஒண்ணா உட்கார வச்சுப் பேசுற ஆலோசனை) முறையா படிச்சவங்க இருக்கீங்களா?

ஈசூன்வாசி: சிங்கப்பூர்ல ஒரு குடும்பச் சேவை நிலையத்துல சமூக ஊழியரா இருக்கேன். புருஷன், பொண்டாட்டி, மாமியார் மூணு பேரும் ஒண்ணா வந்து உட்கார்ந்தா, தனிநபர் ஆலோசனைக்குப் படிச்சது கைகொடுக்க மாட்டேங்குது. பயிற்சி எப்படி இருக்கும்?

தேக்கா அக்கா: தங்கச்சி, மேற்பார்வைதான் உயிர். குடும்பத்துக்கிட்ட சம்மதம் வாங்கிட்டு, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால ஆசிரியரும் சக மாணவர்களும் உட்கார்ந்திருப்பாங்க. பேச்சு நடுவுல போன் அடிக்கும், ஆசிரியர் சொல்வார்: "மாமியாரை விடுங்க, மகனைக் கேளுங்க: அம்மா அழுதா உங்க மனைவி என்ன செய்வாங்க?" ரெண்டு பேர் உறவை மூணாவது ஆளைச் சொல்ல வைக்கிற இந்தச் சுற்றுக் கேள்வியை இத்தாலியோட மிலான் நகரச் சிகிச்சையாளர் குழு 1980ல விளக்கி எழுதினாங்க. கேட்டுப் பாருங்க, அதுவரை வாயே திறக்காதவர் பேசுவார்.

செங்காங்: யார் யார், அவங்க உறவு எப்படின்னு காட்டுற மூணு தலைமுறைக் குடும்ப வரைபடம் பழகுங்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு மேலும் கீழுமா மடங்கிப் போற கோடு. முதல்ல உங்க வீட்டையே வரையணும்.

ஈசூன்வாசி: ஆராய்ச்சி ஆதாரம் உண்டா அக்கா?

தேக்கா அக்கா: உண்டு. உணர்ச்சி மையத் தம்பதி சிகிச்சையை ஜான்சன், கிரீன்பெர்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் கனடாவுல சோதிச்சு 1985ல வெளியிட்டாங்க. ஆனா ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுல மாமியாரும் இருக்கிற நம்ம குடும்பங்களை யாராவது ஆராயணும். நீங்களே அதை ஆய்வுத் தலைப்பா எடுங்களேன்!