ஊத மாட்டேன் என்று நின்றால் என்ன நடக்கும்: இ.சி.ஆரில் நேரில் பார்த்தது

"ஊத மாட்டேன்னு சொல்லிடு, மெஷின்ல பதிவாகலன்னா கேஸே நிக்காது" என்று அறிவுரை சொல்ல எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். என் மச்சான் அதை நம்பித்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி இ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை), குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று மெஷினில் ஊதச் சொல்லும் போலீஸ் பேரிகார்டு பக்கம் நின்று சட்டம் பேசினான். வண்டியை ஓட்டியது அவன். குடிக்காத நான் பக்கத்து சீட்டில், ஏனென்றால் சாவியைக் கேட்டால் துரைக்குக் கோபம் வந்துவிடும்.

எஸ்.ஐ. சத்தமே போடவில்லை. "சரி சார், ஊத வேண்டாம், ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 203-வது பிரிவில், குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்து அவர் ஊத மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று இருக்கிறது. ஸ்டேஷனில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், அங்கேயும் இவன் முடியாது என்றான். அடுத்தது 204-வது பிரிவு, அதாவது ரத்தப் பரிசோதனை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சை எடுக்க, டியூட்டி டாக்டர் "அது வேண்டாம்மா, அதுலயே ஆல்கஹால் இருக்கு, இது குடி கேஸ்" என்று தடுத்து வேறு மருந்தால் துடைக்கச் சொன்னார். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ரத்தம், மேலே சீல், கையெழுத்து. கைதான 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-இல் ஒரு வரி உண்டு, அதை எங்கோ படித்துவிட்டு மச்சான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலேயே இருந்தது.

வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். இவனுக்கு அதைத் தாண்டித்தான் வந்தது. தவிர, தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் அதையே அரசுத் தரப்புக்கு வலு சேர்க்கும் விஷயமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று 205 சொல்கிறது. கடைசியில் 10,000 ரூபாய் அபராதம். ஊதியிருந்தாலும் அதேதான் கட்டியிருப்பான், ஊசிக்குத்தும் ஸ்டேஷன் பெஞ்சில் விடியும்வரை கொசுக்கடியும்தான் மிச்சம்.

குடிக்காதவர்கள் பயந்து மறுப்பதும் நடக்கிறது, அது இதைவிட வீண். எங்கள் சித்தப்பா தசமூலாரிஷ்டம் (கொஞ்சம் ஆல்கஹால் உள்ள ஆயுர்வேத மருந்து) குடித்த கையோடு பைக்கை எடுத்து மாட்டிக்கொண்டார். மெஷின் கத்தியது. அவர் தகராறு செய்யாமல் "வாயைக் கொப்பளிச்சிட்டு கால் மணி நேரம் கழிச்சு ஊதுறேன், புது குழாய் போடுங்க" என்று கேட்டார். இரண்டாவது தடவை சுழியம், முடிவு அச்சான சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.